திரும்பிப் போய்ப் பார்த்தவர்கள்: கடல் பாலூட்டிகளும் கண்காணிப்புக் கருவிகளும்

ஒரு திமிங்கிலத்தின் உடம்பில் கருவி ஒன்றைப் பொருத்தினால் அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். சரி. கருவியைப் பொருத்தியதால் அந்தத் திமிங்கிலத்துக்கு என்ன ஆனது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் கேள்விக்கு நூறு வருஷமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியை யார் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகளைக் கோத்து எழுதியதுதான் இது.

எனக்குச் சோறு போடுவது மென்பொருள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் ஒழுங்காக இருக்கிறதா என்று கவனிக்க அதற்குள்ளேயே ஒரு சின்ன நிரலைப் போட்டு வைப்போம். அந்தக் கண்காணிப்பு நிரலும் அதே சர்வரின் நினைவகத்தையும் நேரத்தையும்தான் தின்னும். ரொம்பத் தின்றால், நாம் அளப்பது சர்வரை அல்ல, கண்காணிப்பைச் சுமந்துகொண்டு தள்ளாடும் சர்வரை. ஆனால் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. நிரலை நிறுத்திவிட்டு மறுபடி அளந்து பார்க்கலாம். கடலில் அது நடக்காது. கருவி இல்லாத திமிங்கிலம் ஆழத்தில் என்ன செய்கிறது என்று சொல்ல, அதன்மேல் கருவி இல்லையே!

செத்தால்தான் தெரியும்

1920களில் அண்டார்க்டிக் கடலில் திமிங்கில வேட்டை ஓகோவென்று நடந்துகொண்டிருந்தது. தென் ஜார்ஜியா தீவு அதன் முக்கியத் தளம். இப்படியே போனால் திமிங்கிலங்கள் தீர்ந்துபோகுமே என்ற கவலையில் பிரிட்டிஷ் அரசு 'டிஸ்கவரி ஆய்வுகள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. திமிங்கிலங்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று தெரிந்தால்தானே எத்தனை பிடிக்கலாம் என்று கணக்குப் போட முடியும்?

அதற்காக அவர்கள் செய்த முதல் குறி ஒரு பெரிய குத்தூசி மாதிரி. தட்டையான தலை வெளியே தெரியும், முள் கொழுப்பில் இறங்கி நிற்கும். அது நிலைக்கவில்லை, கழன்று விழுந்துவிட்டது. 1932 முதல் வேறு வழி. துருப்பிடிக்காத எஃகில் சுமார் 25 சென்டிமீட்டர் நீளக் குழாய், அதில் ஒரு எண், திருப்பி அனுப்பினால் சன்மானம் உண்டு என்ற வாசகம், லண்டன் முகவரி. இதைத் துப்பாக்கியால் சுட்டுத் திமிங்கிலத்தின் உடம்புக்குள் முழுசாகப் புதைத்துவிடுவார்கள். 1930களில் மட்டும் ஆயிரக்கணக்கான திமிங்கிலங்கள் இப்படிச் சுடப்பட்டன.

தகவல் எப்போது வரும்? திமிங்கிலம் வேட்டையாடப்பட்டு, அறுக்கப்படும்போது அல்லது எண்ணெய்க்காகக் கொதிகலனில் வேகும்போது, யார் கண்ணிலாவது அந்தக் குழாய் பட்டால் வரும். கிடைப்பது இரண்டே புள்ளிகள். குறி சுட்ட இடம், கொன்ற இடம்.

இந்த முறையில், குறியால் விலங்குக்கு என்ன கேடு என்ற கேள்வி எழவே இடமில்லை. அளவீடு வெற்றி என்றாலே விலங்கு செத்துவிட்டது என்று அர்த்தம். அன்றைய மனநிலையை இன்று உட்கார்ந்து குறை சொல்வது சுலபம். வேட்டைக்காரனின் கொதிகலன் பக்கத்தில் நின்றுகொண்டு எஃகுக் குழாயால் வரும் காயத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

அடுப்படிக் கடிகாரம்

1940ல் பெர் ஷோலாண்டர் என்ற நார்வே உடலியலாளர், மூச்சுப் பிடித்து முங்கும் விலங்குகளைப் பற்றி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். ஆழம் அளக்க அவர் பயன்படுத்தியது ஒரு முனை அடைத்த மெல்லிய கண்ணாடிக் குழாய். உள்ளே கரையும் சாயம் பூசியிருக்கும். ஆழம் போகப் போகத் தண்ணீர் குழாய்க்குள் ஏறிக் காற்றை அமுக்கும். எதுவரை சாயம் கரைந்திருக்கிறதோ அதை வைத்து ஆழத்தைக் கணக்கிடலாம். மின்கலம் கிடையாது, சக்கரம் கிடையாது. அருமையான பொறியியல். ஆனால் பெரிய திமிங்கிலங்களின் ஆழத்தை அவர் அளந்தது, ஈட்டி பாய்ந்த ஃபின் திமிங்கிலங்களில். 350 மீட்டருக்கும் மேல் போனதாகக் கிடைத்தது. அது இரை தேடிப் போன ஆழமா, உயிர் தப்பப் போன ஆழமா? எண் சரியானதுதான். எதன் எண் என்பதுதான் சிக்கல்.

இதற்கு நல்ல மாற்று 1960களில் வந்தது. ஜெரால்ட் கூய்மன் என்ற அமெரிக்கர், அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ பகுதியில் வெட்டல் சீல்களை ஆராய்ந்தார். அவர் கருவியின் இதயம், சமையலறையில் முட்டை வேகவைக்க வைப்பார்களே, அந்த ஒரு மணி நேர டைமர். அது புகைபடிந்த கண்ணாடித் தட்டு ஒன்றைச் சுழற்றும். அழுத்தமானியோடு சேர்ந்த ஊசி அதில் கோடு கீறும். எந்த நிமிஷத்தில் எவ்வளவு ஆழம் என்பது அந்தக் கீறலில் இருக்கும். சீல்கள் 600 மீட்டர் ஆழம் வரை போவது இப்படித்தான் தெரியவந்தது.

இதில் கருவியைவிட எனக்குப் பிடித்தது ஏற்பாடு. மற்ற துளைகளிலிருந்து வெகு தூரத்தில், கெட்டியான பனிப்பரப்பில் ஒரு துளை போட்டு அதில் சீலை விட்டார். சுற்றுவட்டாரத்தில் மூச்சு விட வேறு இடம் கிடையாது, அதனால் அது அதே துளைக்குத்தான் திரும்பி வரவேண்டும். வந்ததும் கருவியைக் கழற்றலாம். கூடவே, சீல் எப்படி இருக்கிறது என்றும் பார்க்கலாம். தகவலும் விலங்கும் ஒரே வாசல் வழியாகத் திரும்பி வந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் கதை முழுக்க இந்த ஒரு விஷயம் கைநழுவிப் போனதைப் பற்றித்தான்.

எடை அல்ல, தடை

1980களில் கலிஃபோர்னியாவின் அன்யோ நுவோ கடற்கரையில் பர்னி லபோஃப் குழுவினர் யானை சீல்களின் உடம்பில் ஆழமானிகளைப் பொருத்தினார்கள். பிற்பாடு ரோமத்தில் பசை போட்டு ஒட்டுவது வழக்கமானது. யானை சீல் வருஷத்துக்கு ஒருமுறை ரோமத்தை உதிர்க்கும், அதோடு பசையும் போய்விடும். இந்த சீல்கள் மாதக்கணக்கில் இராப்பகலாக முங்கிக்கொண்டே இருப்பதும், 1500 மீட்டருக்கும் கீழே போகக்கூடியவை என்பதும் தெரிந்தபோது உலகமே வாயைப் பிளந்தது.

யானை சீலுக்கு இந்தக் கருவி பாரமா? மெக்குவாரி தீவில் கருவி சுமந்த சீல்களையும் சுமக்காதவற்றையும் ஒப்பிட்டு 2008ல் வெளிவந்த ஆய்வு, எடை கூடுவதிலோ உயிர் பிழைப்பதிலோ வித்தியாசம் தெரியவில்லை என்றது. நல்ல செய்தி. ஆனால் அது பல நூறு கிலோ எடையுள்ள விலங்கு.

அண்டார்க்டிக் ஃபர் சீல் தாய் அதன் பக்கத்தில் பொடிசு. கரையில் குட்டியை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய், தின்று, பால் சுரந்து, திரும்பி வந்து ஊட்டவேண்டிய விலங்கு. கருவி கட்டிய தாய்கள் கடலில் அதிக நேரம் எடுத்துக்கொண்டதாக 1995ல் ஓர் ஆய்வு சொன்னது. இரண்டு வருஷம் கழித்து, தென் ஜார்ஜியாவை ஒட்டிய பேர்ட் தீவில் செய்த சோதனை ஒன்று வெளிவந்தது. வேண்டுமென்றே கூடுதல் இழுவைத் தடை தரும் கட்டைகளைச் சில தாய்களின் மேல் ஒட்டிப் பார்த்தார்கள். நீந்தும் வேகம் குறைந்தது. முங்கும் ஆழமும் நேரமும் குறைந்தன. ஈடுகட்ட அவை செங்குத்தாக இறங்கின. ஒவ்வொரு பயணமும் நீண்டது.

இங்கே கொஞ்சம் இயற்பியல். பறவை ஆய்வாளர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. கருவியின் எடை உடல் எடையில் இத்தனை சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பார்கள். தண்ணீருக்குள் அந்தக் கணக்கு உதவாது. அங்கே எடையை மிதப்பு தாங்கிக்கொள்ளும். துன்பம் தருவது வடிவம். வழவழப்பான உடம்பில் ஒரு மொட்டு துருத்திக்கொண்டிருந்தால், அதைச் சுற்றி ஓடும் நீர் கலைந்து சுழலும். தடை, வேகத்தின் இருமடிப்படி ஏறும். அதைச் சமாளிக்கத் தேவையான திறனோ மும்மடிப்படி. மெதுவாகப் போகும் விலங்குக்கு ஒன்றுமே தெரியாத கருவி, இரையைத் துரத்தும் கணத்தில் பாறாங்கல்லாகிவிடும்.

அப்படியானால் விலங்கு என்ன செய்யும்? பழக்கப்பட்ட டால்பின்களை வைத்து 2014ல் வெளியான ஆய்வில் பதில் இருக்கிறது. கருவி ஒட்டிய டால்பின்கள் கூடுதல் சக்தியைச் செலவழிக்கவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டன, சுமார் 11 சதவீதம். புத்திசாலித்தனம்தான்! ஆனால் இதன் அர்த்தத்தை யோசியுங்கள். சக்திச் செலவை மட்டும் அளந்திருந்தால் 'பாதிப்பு இல்லை' என்று எழுதியிருப்போம். விலங்கு பாதிப்பைத் தாங்கவில்லை, வேறு கணக்கில் எழுதிக்கொண்டது. ஃபர் சீல் தாயும் அப்படியே.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. ஃபர் சீல் குட்டியிடம் திரும்பி வரும். யானை சீல் அதே கரைக்கு ஏறும். டால்பின் பயிற்சியாளரிடமே இருக்கிறது. எல்லாம் திரும்பி வருகிற விலங்குகள். அதனால்தான் பாதிப்பு தெரிந்தது, அல்லது இல்லை என்பது தெரிந்தது.

செயற்கைக்கோள் வந்தது, போக்குவரத்து நின்றது

1978ல் பிரான்ஸும் அமெரிக்காவும் சேர்ந்து ஆர்கோஸ் என்ற செயற்கைக்கோள் அமைப்பைத் தொடங்கின. கிரேக்கப் புராணத்தில் வரும் நூறு கண் அரக்கனின் பெயர். நம் ஊர் இந்திரனுக்கு ஆயிரம் கண், அவர்களுக்கு நூறு. விலங்கு மூச்சு விட மேலே வரும்போது, கருவியின் ஆன்டெனா ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் சமிக்ஞை அனுப்பும். மேலே கடந்துபோகும் செயற்கைக்கோள், அந்த அலைவரிசையில் ஏற்படும் டாப்ளர் மாற்றத்தை வைத்து இடத்தைக் கணக்கிடும். ரயில் நெருங்கும்போதும் விலகும்போதும் ஹாரன் ஒலி மாறுகிறதே, அதே தத்துவம்.

சீல் என்றால் ரோமத்தில் ஒட்டலாம். திமிங்கிலத்துக்கு ரோமம் இல்லை, தோலும் உரிந்துகொண்டே இருக்கும், பசை நிற்காது. உறிஞ்சு கிண்ணங்கள் உண்டு. உட்ஸ் ஹோல் நிறுவனத்தில் உருவான டீடேக் அந்த ரகம். காயமே ஏற்படுத்தாது. ஆனால் மணிக்கணக்கில், மிஞ்சினால் ஒரு நாள் கணக்கில்தான் தங்கும். மாதக்கணக்கில் தங்கவேண்டும் என்றால் குத்தித்தான் ஆகவேண்டும். முதுகுத் துடுப்பில் முள் அம்புகளோடு மாட்டுவது ஒரு வகை, கொழுப்பையும் தாண்டித் தசை வரை இறங்குவது இன்னொரு வகை.

இங்கேதான் அந்தப் பழைய வாசல் இரண்டாகப் பிரிந்தது. தகவல் வானம் வழியாக வந்துவிடுகிறது. விலங்கை மறுபடி பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. ஆய்வாளர் மேசையில் உட்கார்ந்தபடி வரைபடத்தில் புள்ளிகள் நகர்வதைப் பார்க்கலாம். ஒரு நாள் புள்ளி நின்றுபோகும். மின்கலம் தீர்ந்ததா? கருவி கழன்றதா? ஆன்டெனா ஒடிந்ததா? விலங்கு செத்ததா? நான்குக்கும் திரையில் ஒரே அடையாளம்தான், மௌனம். சர்வர் பதிவேட்டில் வரி வராமல் போனால் 'எல்லாம் நலம்' என்று யாரும் முடிவுகட்டமாட்டோம். கடலில் பல காலம் அப்படித்தான் முடிவுகட்டப்பட்டது.

எல்95

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், வாஷிங்டன் மாநிலத்துக்கும் வான்கூவர் தீவுக்கும் இடையே சுற்றும் ஒரு ஓர்க்காக் கூட்டம் உண்டு. தெற்கு ரெசிடென்ட் ஓர்க்காக்கள் என்று பெயர். 2016ல் மொத்தமே எண்பதைச் சுற்றித்தான் இருந்தன. 1970களிலிருந்தே முதுகுத் துடுப்பையும் அதன் பின்னால் உள்ள வெள்ளைத் திட்டையும் படம் பிடித்து, ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, எண்ணும் பெயரும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். யாருக்கு யார் அம்மா, பாட்டி என்பது வரை ஏட்டில் உண்டு.

இவை குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது தெரியாமலிருந்தது. அதைக் கண்டுபிடிக்க அமெரிக்கக் கடல் நிறுவனமான நோவா, சில ஓர்க்காக்களுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டியது. 2016 பிப்ரவரி 23 அன்று எல்95 என்ற இருபது வயது ஆணுக்கு மாட்டினார்கள். நைஜல் என்பது அதன் செல்லப்பெயர். கருவி மூன்று நாளில் நின்றுபோனது. மார்ச் 30 அன்று வான்கூவர் தீவின் மேற்குப் பக்கம் எல்95 செத்து மிதந்தது.

துடுப்புக்குள் முள் அம்பின் துண்டுகள் இருந்தன. உடலில் பூஞ்சைத் தொற்று. கருவி குத்திய இடம் தொற்று உள்ளே நுழைந்த வழியாக இருந்திருக்கலாம், அது மரணத்துக்குப் பங்களித்திருக்கலாம் என்று நிபுணர் குழு சொன்னது. விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. முதல் தடவை குறி தப்பிக் கருவி கடலில் விழுந்திருக்கிறது. எடுத்து ஆல்கஹாலால் துடைத்து மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். விதிமுறைப்படி ப்ளீச்சாலும் சுத்தம் செய்திருக்கவேண்டும், அந்தப் படி விடுபட்டுவிட்டது. நோவா கருவி மாட்டுவதை நிறுத்தியது.

இதைப் படித்தபோது என்னைத் தொந்தரவு செய்தது ப்ளீச் மட்டும் அல்ல. எல்95க்கு ஒரு பெயர் இருந்ததால்தான் இது வெளியே வந்தது. எண்பதில் ஒன்றாக, படம் பிடித்து ஏட்டில் ஏறிய விலங்காக இருந்ததால், கரைக்குப் பக்கத்தில் உடல் கிடைத்ததால். நடுக்கடலில் பெயர் இல்லாத ஒரு திமிங்கிலத்துக்கு இதே நடந்திருந்தால்? வரைபடத்தில் ஒரு புள்ளி நின்றிருக்கும். அவ்வளவுதான்.

திரும்பிப் போனவர்கள்

ஆனால் திரும்பிப் போய்ப் பார்த்தவர்களும் இருந்தார்கள். கலிஃபோர்னியா வளைகுடாவில் ஒரு பெண் நீலத் திமிங்கிலம். 1990களில் மாட்டிய கருவியின் ஒரு பகுதி அதன் உடம்பிலேயே தங்கிவிட்டது. வருஷக்கணக்காக எடுத்த படங்களை 2015ல் வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். முதலில் வீக்கம், பிறகு திறந்த புண், கடைசியில் குழிந்த தழும்பு. வீக்கத்துக்கு முன் கன்றோடு தென்பட்டிருந்தாள், ஆறிய பிறகும் தென்பட்டாள். வீங்கியிருந்த வருஷங்களில் கன்று இல்லை. ஒரே ஒரு திமிங்கிலத்தை வைத்து முடிவு சொல்லமுடியாது என்பது உண்மை. ஆனால் கருவியின் ஆயுள் முடிந்து இத்தனை வருஷம் கழித்தும் உடம்பில் கதை ஓடிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை.

இன்னொரு இடம் அமெரிக்காவின் மெய்ன் வளைகுடா. அங்கே கூன்முதுகுத் திமிங்கிலங்களை வாலின் அடிப்பக்கத்து நிறக் கோலத்தை வைத்துத் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். 2011ல் தொடங்கி, கருவி மாட்டிய திமிங்கிலங்களை வேண்டுமென்றே தேடிப்போய் மறுபடி மறுபடி படம் எடுத்தார்கள். மூட்டுப் போட்ட நங்கூர அமைப்புள்ள கருவிகள் உடம்புக்குள்ளேயே உடைந்துபோவது தெரிந்தது. அதன் விளைவாக, மூட்டு இல்லாத ஒரே துண்டாகக் கருவியை மறுபடி வடிவமைத்தார்கள்.

கவனியுங்கள், அந்தக் குறையைச் செயற்கைக்கோள் தரவு காட்டிக்கொடுக்கவில்லை. படகு எடுத்துக்கொண்டு போய்க் கண்ணால் பார்த்ததால் தெரிந்தது. திமிங்கில வகைகளுக்குக் கருவி மாட்டுவது பற்றி 2019ல் வந்த சர்வதேச வழிகாட்டி நெறிகளும், கிருமிநீக்கத்தோடு கூடவே இந்தப் பின்தொடர்தலை வலியுறுத்துகின்றன.

அப்போ, மாட்டவே கூடாதா?

இந்த இடத்தில் சிலர் அப்படித்தான் கேட்பார்கள். பதில் அவ்வளவு நேராக இல்லை. 2021ல் தெற்கு ரெசிடென்ட் ஓர்க்காக்களுக்கான பாதுகாக்கப்பட்ட வாழிடத்தை, கனடா எல்லையிலிருந்து கலிஃபோர்னியாவின் பாயின்ட் சர் வரை, சுமார் 41,000 சதுர கிலோமீட்டர் விரிவாக்கினார்கள். அந்த எல்லையை நியாயப்படுத்த உதவிய ஆதாரங்களில் ஒன்று, எல்95 உட்பட்ட அதே செயற்கைக்கோள் கருவித் திட்டத்தின் தரவு. அண்டார்க்டிக் பனிக்கடியில், கப்பலே போகமுடியாத குளிர்காலத்தில், கடல்நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து தருவது தலையில் கருவி ஒட்டிய யானை சீல்கள்தான். பருவநிலை பற்றி நமக்குத் தெரிந்ததில் அவற்றின் உழைப்பு கலந்திருக்கிறது.

ஆகவே விலை உண்டு, பலனும் உண்டு. விலையைக் கொடுப்பது ஒரு விலங்கு, பலன் போவது அந்த இனத்துக்கோ நமக்கோ. அப்படி ஒரு கொடுக்கல் வாங்கலில் குறைந்தபட்ச நேர்மை என்ன? விலை எவ்வளவு என்று போய்ப் பார்ப்பது. 'பாதிப்பு இல்லை' என்பதும் 'பாதிப்பைப் போய்ப் பார்க்கவில்லை' என்பதும் அறிக்கையில் ஒரே மாதிரி தெரியும். இரண்டும் ஒன்றல்ல.

சில்லு சிறுத்ததும் மின்கலம் இளைத்ததும் முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த நூறு வருஷக் கதையில் விலங்குக்கு நல்லது செய்த மாற்றங்கள் பலவும், யாரோ ஒருவர் கேமராவோடு திரும்பிப் போனதால் வந்தவை.

2024 டிசம்பரில் அஸ்ஸாமில் முதன்முறையாக ஒரு கங்கை டால்பினுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டினார்கள். கடல் விலங்கு இல்லை, நதி விலங்கு. கலங்கல் நீரில் வாழ்வது, கண் இமைக்கும் நேரம்தான் மேலே வரும், படம் பிடித்து அடையாளம் காண்பது பெரும்பாடு. நம் நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்கு. அது எந்தப் பக்கம் போனது என்று செய்தி வரும்போது நாம் சந்தோஷப்படலாம், படவேண்டும். கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டு வைப்போம்: கருவி நின்றபிறகு அதை யார் போய்ப் பார்த்தார்கள்?